கெழுன்னா என்ன டீச்சர்?

இந்த தடவை வந்த லெட்டர்ல பாதிக்கு மேல ஒரே புலம்பல்தான். கணக்கு வரலைன்னு யாரும் எழுதல, கணக்குல வர்ற வார்த்தை வாயில நுழையலைன்னு எழுதியிருக்காங்க. அதனால இந்த இதழ் முழுக்க வார்த்தை பஞ்சாயத்துதான். சமையல் குறிப்பு கேட்டு எனக்கு எழுதுன அந்த அக்காவுக்கு: அது பக்கத்து பக்கம்க்கா, நான் கணக்கு டீச்சர்.

என் பொண்ணு அஞ்சாவது வரைக்கும் தமிழ் மீடியம், இப்போ ஏழாவது இங்கிலீஷ் மீடியம். நான் தமிழ்ல பத்தாவது வரைக்கும் படிச்சவ. அவ வேரியபிள், கோஎஃபிஷியன்ட், எக்ஸ்பிரஷன்னு கேக்குறா, எனக்கு மாறி, கெழு, கோவைன்னுதான் தெரியும். தினமும் ராத்திரி சண்டைலதான் முடியுது. எப்படி டீச்சர் சொல்லித் தர்றது?
— வாசகி, கோவில்பட்டி

சண்டை எதுக்கும்மா, ரெண்டு பேரும் ஒரே விஷயத்ததான் பேசிட்டு இருக்கீங்க. அவள ஒரு நாள் ஆட்டோல கூட்டிட்டு போங்க. ஏறி உக்காந்தா 40 ரூபா, அப்புறம் கிலோமீட்டருக்கு 15 ரூபான்னு டிரைவர் சொல்றார்னு வைங்க (இந்த ரேட்டுக்கு எந்த ஊர்ல ஆட்டோ வருதுன்னு கேட்டு லெட்டர் போடாதீங்க, சும்மா கணக்குக்கு சொல்றேன்). எவ்வளவு தூரம் போகப் போறோம்னு இன்னும் தெரியாது, அந்த தூரத்துக்கு எக்ஸ்னு பேரு வச்சுக்குவோம். அப்போ குடுக்க வேண்டிய காசு 15 எக்ஸ் + 40.

இதுக்குள்ளயே உங்க சண்டை மொத்தமும் இருக்கு. எக்ஸ் ஒவ்வொரு சவாரிக்கும் மாறும், அதனால மாறி, அவ சொல்ற வேரியபிள். 40 எவ்வளவு தூரம் போனாலும் மாறாது, அதனால மாறிலி, கான்ஸ்டன்ட். முதுகெலும்பு இல்லாததை முதுகெலும்பிலின்னு சயின்ஸ்ல படிச்சீங்கள்ல, அதே 'இலி'தான் இங்கயும், மாறுறது இல்லாதது மாறிலி. எக்ஸ் முன்னாடி ஒட்டிக்கிட்டு நிக்கிற 15தான் கெழு, கோஎஃபிஷியன்ட். கெழுமுதல்னு பழைய தமிழ்ல ஒரு சொல் உண்டு, நெருங்கி சேர்றதுன்னு அர்த்தம், மாறியோட ஒட்டி நிக்கிறது கெழுன்னு நான் அப்படித்தான் ஞாபகம் வச்சிருக்கேன், பிள்ளைங்களுக்கும் அப்படியே சொல்லிட்டேன், யாரும் மறக்கல. 15 எக்ஸ் ஒரு உறுப்பு, 40 இன்னொரு உறுப்பு, இங்கிலீஷ்ல டேர்ம். உறுப்பெல்லாம் சேர்த்து கோத்து வச்சா கோவை, எக்ஸ்பிரஷன். பாசிமணி கோக்குறோம்ல அந்த கோவை, கோயம்புத்தூர் இல்ல. (ஒவ்வொரு வருஷமும் க்ளாஸ்ல ஒருத்தன் இந்த ஜோக்க சொல்லுவான், நானும் புதுசா கேக்குற மாதிரி சிரிப்பேன்.)

இப்போ சமன்பாடு, அதாவது ஈக்குவேஷன். இதுலதான் பெரிய பிள்ளைங்களே கோவையோட போட்டு குழப்பிக்கும். 'எதுத்த வீட்டு மாமா'ன்னு மட்டும் சொல்லி நிறுத்துனா பேச்சு பாதிலயே நிக்குது, சரியா தப்பான்னு சொல்றதுக்கு அதுல ஒண்ணும் இல்ல. 'எதுத்த வீட்டு மாமா ஊருக்கு போயிட்டார்'னு சொன்னாதான் உண்மையா பொய்யான்னு போய் பாக்கலாம். 15 எக்ஸ் + 40ங்கறது அந்த பாதி பேச்சு. 15 எக்ஸ் + 40 = 130னு எழுதிட்டா முழு பேச்சு, எக்ஸ் 6னா உண்மை, வேற எதுன்னாலும் பொய். அதனாலதான் கோவைய சுருக்குன்னு கேப்பாங்க, சமன்பாட்டை தீர்னு கேப்பாங்க. கோவைய யாரும் தீக்க முடியாது, அதுல தீக்கறதுக்கு வழக்கே இல்லையே.

இன்னொண்ணு, மார்க் போற இடம் இதுதான், நல்லா கவனிச்சுக்கோங்க. 7 – 3 எக்ஸ்ல கெழு என்னன்னு கேட்டா பாதி பிள்ளைங்க 3னு எழுதும். இல்ல, –3. முன்னாடி நிக்கிற குறியும் அந்த உறுப்போட சொத்து, அத விட்டுட்டு வரக்கூடாது. வெறும் எக்ஸ்னு இருந்தா கெழு 1, வெறும் –எக்ஸ்னா –1. கண்ணுக்கு தெரியலங்கறதுக்காக பூஜ்யம்னு எழுதிட்டா எக்ஸே காணாம போயிடும்ல.

வீட்ல ஒரு நோட்டு போடுங்க, இங்கிலீஷ் வார்த்தை, பக்கத்துல உங்க தமிழ் வார்த்தை, கீழ அவளே யோசிச்ச ஒரு உதாரணம். விளக்கம் வேண்டாம், உதாரணம் மட்டும். அவ இங்கிலீஷ எழுதட்டும், தமிழ நீங்க எழுதுங்க.

முழு எண், முழுக்கள் ரெண்டும் ஒண்ணுதானே? எதுக்கு ரெண்டு பேரு?
— வாசகர், சென்னை

ஒண்ணு இல்ல சார். முழு எண் 0ல ஆரம்பிச்சு 1, 2, 3ன்னு ஒரு பக்கமாவே போயிட்டே இருக்கும், ஹோல் நம்பர்ஸ். முழுக்கள் ரெண்டு பக்கமும் போகும், –1, –2 எல்லாம் உள்ள வரும், இன்டிஜர்ஸ். 0வ தூக்கிட்டு 1ல இருந்து எண்ணுனா இயல் எண், நேச்சுரல் நம்பர்ஸ். உங்க எரிச்சல் எனக்கு புரியுது, இவ்வளவு வேற வேற விஷயத்துக்கு இவ்வளவு ஒத்துப்போற பேர வச்சது எனக்கும் பிடிக்கல. இலங்கைல இன்டிஜர நிறைவெண்ணுன்னு சொல்றாங்க, அது எவ்வளவோ தேவல. ஆனா பரீட்சை பேப்பர்ல முழுக்கள்னுதான் வரும், அதனால பழகிக்கோங்க.

டீச்சர், ஏன் எப்பவும் எக்ஸ்? ஏன் கே, எம் எல்லாம் இல்ல?
— ஏழாம் வகுப்பு மாணவன், நாமக்கல்

கே, எம் போட்டாலும் தப்பே இல்லடா தம்பி, கணக்கு கோவிச்சுக்காது. டெகார்ட்டுன்னு ஒரு பிரெஞ்சுக்காரர் 1637ல ஒரு வடிவியல் புத்தகம் போட்டார், அதுல தெரிஞ்ச எண்ணுக்கெல்லாம் ஏ, பி, சின்னு எழுத்து வரிசைல முன்னாடி இருக்குறதையும், தெரியாத எண்ணுக்கு எக்ஸ், ஒய், இசட்னு கடைசில இருக்குறதையும் எடுத்துக்கிட்டார், அந்த பழக்கம் அப்படியே ஒட்டிக்கிச்சு. சமக்குறி அதுக்கும் முன்னாடியே வந்துடுச்சு, ராபர்ட் ரெக்கார்டுன்னு வேல்ஸ் நாட்டுக்காரர் 1557ல போட்டது. ஒவ்வொரு தடவையும் 'இதுக்கு சமம்'னு எழுதி எழுதி கை சலிச்சுப் போய் ரெண்டு இணைகோடு போட்டுட்டார், ரெண்டு இணைகோட்டை விட சமமான பொருள் வேற எது இருக்குன்னு காரணமும் சொல்லி வச்சார். நீயும் ஹோம்வொர்க் எழுதி கை வலிச்சா எதாவது கண்டுபிடி.

நான் யாழ்ப்பாணத்திலை படிச்சனான் பிள்ளை, இப்ப கனடாவிலை பேரப்பிள்ளையோட இருக்கிறன். நாங்கள் அட்சரகணிதம், கேத்திரகணிதம், முக்கோணி, செம்பக்கம், குணகம் எண்டுதான் படிச்சது. பக்கத்து வீட்டிலை இருக்கிற தமிழ்நாட்டுப் பிள்ளை கர்ணம், கெழு எண்டுது. பேரன் ட்ரபீசாய்ட் எண்டுறான், எனக்குத் தெரிஞ்சது ட்ரபீசியம். எது சரி?
— வாசகி, டொரன்டோ

எல்லாமே சரிதான்மா, உங்க லெட்டர படிச்சதும் எனக்கு எவ்வளவு சந்தோஷம்னு சொல்ல முடியாது. நீங்க சொல்ற செம்பக்கம்தான் எங்க கர்ணம், இங்கிலீஷ்ல ஹைபாட்டனியூஸ், செங்கோண முக்கோணத்துல செங்கோணத்துக்கு எதிர்ல இருக்குற நீளமான பக்கம். உங்க குணகம் எங்க கெழு, உங்க முக்கோணி எங்க முக்கோணம், உங்க நாற்பக்கல் எங்க நாற்கரம். பேரன்கிட்ட மூணையும் சொல்லுங்க, அவன் பாட்டுக்கு பிடிச்சுக்குவான், பிள்ளைங்களுக்கு வார்த்தை கூடுனா பாரம் இல்ல.

கேத்திரகணிதம்ங்கற பேர நாங்க விட்டது எனக்கு கொஞ்சம் வருத்தம்தான். க்ஷேத்திரம்னா நிலம், வயல். ஜியாமெட்ரிங்கற கிரேக்க சொல்லுக்கும் நிலத்தை அளக்குறதுன்னுதான் அர்த்தம், ரெண்டும் அப்படியே பொருந்தி வருது. நாங்க வடிவியல்னு மாத்திக்கிட்டோம், அதுவும் நல்ல பேருதான், ஆனா அதுல மண்வாசனை இல்ல பாருங்க. அட்சரம்னா எழுத்து, எழுத்த வச்சு போடுற கணக்கு அட்சரகணிதம், பிள்ளைக்கு சொன்ன உடனே புரியும். எங்க இயற்கணிதத்துக்கு அப்படி ஒத்த வரில விளக்கம் சொல்ல எனக்கு வரல.

இதுக்கு இங்கிலீஷ்ல சொல்ற அல்ஜீப்ராங்கறது அரபு. பாக்தாத்ல அல் குவாரிஸ்மின்னு ஒருத்தர், 820 வாக்குல எழுதுன புத்தகத்தோட தலைப்புல அல் ஜப்ர்னு ஒரு சொல் வருது, உடஞ்சதை மறுபடி சேர்க்குறதுன்னு அர்த்தம். சமன்பாட்டுல ஒரு பக்கம் கழிச்சு கிடக்குறதை ரெண்டு பக்கமும் கூட்டி சரி பண்றோம்ல, அதைத்தான் அப்படி சொன்னார். ஸ்பெயின்ல பழைய காலத்துல எலும்பு முறிவுக்கு கட்டு போடுறவருக்கும் அல்ஜெப்ரிஸ்தான்னுதான் பேரு! எங்க பக்கம் கை ஒடஞ்சா புத்தூர் கட்டு போடப் போவாங்க, அந்த வைத்தியரையும் நம்ம ஊரு அல்ஜீப்ராக்காரர்னு சொல்லிக்கலாம் போல.

ட்ரபீசியம் விஷயத்துல மட்டும் ஜாக்கிரதை. ஒரே ஒரு ஜோடி பக்கம் இணையா இருக்குற நாற்கரத்தை பிரிட்டிஷ்காரங்க வழில ட்ரபீசியம்னு சொல்றோம், அமெரிக்கா பக்கமும் உங்க கனடாலயும் அதையே ட்ரபீசாய்ட்னு சொல்றாங்க. உங்களுக்கும் எங்களுக்கும் அது சரிவகம், அதுல சண்டையே இல்ல. அதே மாதிரி நாம எச்சிஎஃப்னு சொல்ற மீப்பெரு பொதுக் காரணிய உங்க பேரன் ஜிசிஎஃப்னு சொல்லுவான், தப்புன்னு திருத்திடாதீங்க.

எனக்கு காம்ப்ளிமென்டரி ஆங்கிள், சப்ளிமென்டரி ஆங்கிள் மாறி மாறி வருது. எது 90, எது 180?
— எட்டாம் வகுப்பு மாணவி, சேலம்

தமிழ்ல சொல்லிப் பாரு கண்ணு, மாறவே மாறாது. நிரப்பு கோணம், மிகை நிரப்பு கோணம். ஒரு செங்கோணம் காலியா இருக்கு, அத நிரப்பணும், 30 இருந்தா இன்னும் 60 போட்டா நிரம்பிடும். அதுதான் காம்ப்ளிமென்டரி. மிகைன்னா அதிகம், அந்த 90அ தாண்டி நேர்கோடு வரைக்கும் நிரப்புனா மிகை நிரப்பு, 180, சப்ளிமென்டரி. 30க்கு மிகை நிரப்பு 150. இங்கிலீஷ் எழுத்து வரிசைல சி முன்னாடி வரும், எஸ் பின்னாடி, 90 முன்னாடி, 180 பின்னாடி, இதுவும் ஒரு வழி. ஆனா தமிழ் வழி அர்த்தத்தோட நிக்கும். ஒரு விஷயம், ரெண்டு கோணமும் ஒட்டிக்கிட்டு இருக்கணும்னு கட்டாயம் இல்ல, ஒண்ணு இந்த பக்கத்துல இன்னொண்ணு அடுத்த பக்கத்துல இருந்தாலும் கூட்டி 90 வந்தா நிரப்புதான்.

நான் கொத்தனார். எட்டாவதோட நின்னுட்டேன். பையன் பைதாகரஸ், பெர்பெண்டிகுலர், பேரலல்னு என்னென்னமோ படிக்கிறான். என்னால அவனுக்கு ஒண்ணும் சொல்லித் தர முடியலையேன்னு இருக்கு.
— வாசகர், மணப்பாறை

அண்ணே, நீங்க என்ன இப்படி சொல்லிட்டீங்க. வீட்டுக்கு கயிறு கட்டி மூலை பிடிக்கும்போது என்ன செய்வீங்க? ஒரு பக்கம் 3 அடி, இன்னொரு பக்கம் 4 அடி குறிச்சு, குறுக்க புடிச்சா 5 அடி வருதான்னு பாப்பீங்க, வந்தா மூலை சரி. பெரிய கட்டடம்னா 6, 8, 10. இதுதாண்ணே பைதாகரஸ் தேற்றம். மூணு மூணு ஒம்போது, நாலு நாலு பதினாறு, கூட்டுனா 25, அஞ்சு அஞ்சும் 25. நீங்க குறுக்க புடிக்கிற அந்த 5 அடிக்கு பேரு கர்ணம். சரியா சொல்லணும்னா மூணும் இப்படி பொருந்துனா அந்த மூலை செங்கோணம்தான்னு நீங்க நம்புறீங்க பாருங்க, அது அந்த தேற்றத்தோட மறுதலை, கான்வெர்ஸ். உங்க பையன் அந்த வார்த்தைய இன்னும் படிச்சிருக்க மாட்டான், நீங்க போய் முதல்ல சொல்லுங்க.

தூக்குக்குண்டு விட்டு பாக்குறீங்கள்ல, அது செங்குத்து. ரசமட்டம் வச்சு பாக்குறது கிடைமட்டம். ரெண்டும் சந்திக்கிற இடத்துல 90 பாகை, அதுதான் பெர்பெண்டிகுலர். எதுத்த எதுத்த சுவர் ரெண்டும் எங்க அளந்தாலும் ஒரே தூரம் விட்டு நிக்குதுன்னா பேரலல், இணை. உங்க மூலைமட்டத்தோட குட்டி தம்பி பையனோட ஜியாமெட்ரி பாக்ஸ்லயே இருக்கும், முக்கோணமா ரெண்டு பிளாஸ்டிக் துண்டு, செட் ஸ்கொயர். பெரிய க்ளாஸ்ல செங்குத்துக்கு நார்மல்னு ஒரு வார்த்தை வரும், அது வந்ததே லத்தீன்ல தச்சரோட மூலைமட்டத்துக்கு இருந்த நார்மாங்கற பேர்ல இருந்துதான். அடுத்த லீவு நாள்ல அவன வேலை நடக்குற இடத்துக்கு கூட்டிட்டு போங்க, கயிறோட ஒரு முனைய அவன் கைல குடுங்க.

பி.எட். படிக்கிறேன். வட்டம் பாடத்துக்கு வார்த்தைகள சுவாரசியமா சொல்ல எதாவது வழி உண்டா?
— வாசகி, திருவண்ணாமலை

வட்டத்துல உங்களுக்கு வேலையே இல்லம்மா, தமிழே எல்லாத்தையும் செஞ்சு வச்சிருக்கு. மாட்டு வண்டி சக்கரத்துல நடுவுல இருந்து விளிம்புக்கு போற கட்டை ஆரக்கால், அதுதான் ஆரம், ரேடியஸ். லத்தீன்லயும் ரேடியஸ்னா சக்கரத்து ஆரம்தான், யாரும் யாரையும் பாத்து எழுதல, சக்கரம் எங்கயும் சக்கரம்தானே. பழைய வீட்டுல குறுக்க ஓடுற மரத்துக்கு விட்டம்னு பேரு, வட்டத்துக்கு நடுவுல குறுக்க ஓடுறதும் விட்டம். வட்டத்தோட சுத்து விளிம்பு பரிதி, அதுல ஒரு துண்டு வில். அந்த வில்லோட ரெண்டு முனையையும் இழுத்து கட்டுனா நாண், கார்ட். வில்லும் நாணும்! இங்கிலீஷ்ல ஆர்க், கார்டுன்னு படிக்கிற பிள்ளைக்கு அந்த படமே கண்ணுல வராது. நாண் மையம் வழியா போனா அதுதான் விட்டம், அதனால இருக்குறதுலயே நீளமான நாண் விட்டம்தான், ஒரு மார்க் கேள்வி இது.

நாணுக்கு சமஸ்கிருதத்துல ஜ்யா. ஆரியபட்டர் காலத்துல பாதி நாணை வச்சு கணக்கு போட்டாங்க, அந்த ஜ்யா அரபுக்கு போய் ஜிபான்னு ஆச்சு, அத பின்னாடி ஒருத்தர் ஜைப்னு வாசிச்சு, ஜைப்னா சட்டைல மார்புப் பக்கத்து மடிப்பு, அப்படியே லத்தீன்ல சைனஸ்னு மொழிபெயர்த்துட்டாங்க, அதுதான் பத்தாவதுல வர்ற சைன். நம்ம ஊர்ல தாத்தா சட்டை ஜேப்பு, ஜேபின்னு சொல்லுவார் பாருங்க, அந்த ஜேபும் இந்த ஜைப்பும் ஒரே குடும்பம். இது பாடத்துல இல்ல, பிள்ளைங்க தூங்கும்போது சொல்றதுக்கு வச்சுக்கோங்க.

தமிழ் தனித்தனியா வச்சிருக்குறத இங்கிலீஷ் ஒண்ணா போட்டு குழப்புற இடமும் உண்டு. மீடியன்னா முக்கோணத்துல உச்சில இருந்து எதிர்பக்கத்தோட நடுவுக்கு போற கோடு, புள்ளியியல்லயும் மீடியன் உண்டு. நமக்கு அது நடுக்கோடு, இது இடைநிலை அளவு. டிகிரியும் அப்படித்தான், கோணத்துக்கு பாகை, கோவைக்கு படி. ஆனா தமிழும் ஒரு இடத்துல வம்பு பண்ணும், விட்டம், மூலைவிட்டம். மூலைவிட்டம் டயகனல், மூலைக்கு மூலை போறது, வட்டத்துக்கு மூலையே கிடையாதுன்னு ஒரு தடவை சொல்லிட்டா போதும்.

எனக்கு 46 வயசு. பத்தாவது தனித்தேர்வரா எழுதலாம்னு இருக்கேன். புத்தகத்தை திறந்தா வார்த்தையே பயமுறுத்துது. எங்க ஆரம்பிக்க?
— வாசகி, விருதுநகர்

பத்தாவது புத்தகத்த மூடி வைங்க, ஆறாவது, ஏழாவது புத்தகம் எடுங்க, பக்கத்து வீட்டு பிள்ளைகிட்ட இருக்கும். முதல்ல பின்னம். மேல இருக்குறது தொகுதி, கீழ இருக்குறது பகுதி, எத்தனை பங்கா பகுத்தோமோ அது பகுதி, அதுல எத்தனைய தொகுத்து எடுத்தோமோ அது தொகுதி. எட்டு துண்டு போட்ட கேக்ல மூணு துண்டுன்னா 8 பகுதி, 3 தொகுதி. தலைகீழா திருப்புனா தலைகீழி, ரெசிப்ரோகல், இதுக்கு விளக்கமே தேவை இல்ல. அப்புறம் பகு எண், பகா எண். பகுக்க முடியாதது பகா, 2, 3, 5, 7, 11 மாதிரி தன்னாலயும் 1னாலயும் மட்டும் வகுபடுறது. 1 ரெண்டு கட்சிலயும் சேராது, நினைவு வைங்க. இது ரெண்டும் கைக்கு வந்ததுக்கு அப்புறம் முழுக்கள், கூட்டல் கழித்தல் குறி. மாறி, கோவை எல்லாம் மூணாவது வாரத்துக்கு மேல பாத்துக்கலாம், மேல கோவில்பட்டி அம்மாவுக்கு எழுதுனத வெட்டி வச்சுக்கோங்க. வடிவியல் வார்த்தை மட்டும் தினமும் வீட்டுக்குள்ளயே பாருங்க, கதவு முழுசா திறக்காம லேசா இருந்தா குறுங்கோணம், சுவத்துக்கு செங்குத்தா நின்னா செங்கோணம், அதுக்கும் மேல திறந்தா விரிகோணம். ஒரு மாசம் கழிச்சு எங்க நிக்கிறீங்கன்னு எழுதுங்க, அடுத்தது சொல்றேன்.

போன இதழ் திருத்தம்: சாய்சதுரத்தோட மூலைவிட்டம் ரெண்டும் சமம்னு எழுதிட்டேன், தப்பு. நாலு பக்கம்தான் சமம். மூலைவிட்டங்கள் ஒண்ணையொண்ணு செங்குத்தா சரிபாதியா வெட்டிக்கும், அவ்வளவுதான், ரெண்டும் சமமா இருந்தா அது சதுரமாயிடும். தஞ்சாவூர்ல இருந்து ஆறாவது படிக்கிற ஒரு வாலு படமே வரைஞ்சு அனுப்பியிருக்கு, ஸ்கேல் வச்சு ரெண்டையும் அளந்து, கீழ 'டீச்சர், அளந்து பாருங்க'ன்னு எழுதி. அளந்தேன். ஒண்ணு 6 சென்டிமீட்டர், ஒண்ணு 8.